அப்பா மறுபடி ரசம் சாதம் சாப்பிட்டார்

முதலில் தோசை இறங்காமல் நின்றது. அப்புறம் இட்லி, அப்புறம் குழைத்த சாதம். மாசி முடிவதற்குள் காபியும் இறங்கவில்லை. ஒரு வாய் குடிப்பார், நெஞ்சைத் தடவியபடி காத்திருப்பார், பிறகு சொம்பில் துப்பிவிடுவார். கடைசியில் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல், துண்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

உணவுக்குழாயில் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவிவிட்டதால் ஆபரேஷனில் பயனில்லை என்றார்கள். இனி ஒன்றுமே செய்ய முடியாது என்று நாங்களாக எடுத்துக்கொண்டோம். நோயைக் குணப்படுத்த முடியாது என்பதற்காக அவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்பது புரிவதற்குள் 3 வாரம் போய்விட்டது. அந்த 3 வாரத்தை நினைத்தால் இப்போதும் மனது அறுக்கிறது.

வழி சொன்னவர் வேறொரு குடல்நோய் மருத்துவர். கட்டியை லேசரால் கருக்கி வழி உண்டாக்கலாம், ஆனால் கட்டி திரும்ப வளர வளர, சில வாரங்களுக்கு ஒருமுறை வந்து செய்துகொள்ள வேண்டியிருக்கும் என்றார். அப்பாவின் உடம்பு அத்தனை அலைச்சலைத் தாங்காது. அதனால் ஸ்டென்ட் வைக்க முடிவானது. மெல்லிய கம்பிவலையால் ஆன குழாய் அது. சுருக்கி, எண்டோஸ்கோப்பி மூலம் வாய்வழியே கொண்டுபோய்க் கட்டி இருக்கும் இடத்தில் விட்டால், இரண்டு மூன்று நாளில் தானாக விரிந்து வழிவிடும். கத்தி இல்லை, தையல் இல்லை.

அன்று இரவு நெஞ்சுவலியில் துடித்தார். குழாய் விரிகிற வலி என்று ஊசி போட்டார்கள். மறுநாள் காலை நர்ஸ் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தார். தொண்டை ஏறி இறங்கியது. நான் சொம்பை ஏந்திக்கொண்டு நின்றேன். அப்பா துப்பவில்லை. "இன்னொரு வாய் குடும்மா" என்றார்.

வீட்டில் எல்லாவற்றையும் மசித்துத்தான் கொடுத்தோம். ரொட்டி, வாழைத்தண்டு, கீரைத்தண்டு, கறித்துண்டு எதுவும் கூடாது. சாப்பாட்டுக்கு நடுவிலும் முடிவிலும் கொஞ்சம் சோடா. குழாயில் ஒட்டியிருப்பதை அது கழுவிவிடுமாம். குழாயின் அடிப்பக்கம் இரைப்பைக்குள் நீண்டிருந்ததால், படுத்தால் புளிப்பு மேலேறும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தோம். ஒருநாள் ஆசைப்பட்டு ஒரு துண்டு பரோட்டா மென்றார். அடைத்துக்கொண்டது. மறுபடி எண்டோஸ்கோப்பி. அவரைக் கடிந்துகொள்ள யாருக்கும் மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு 4 மாதம் இருந்தார். கடைசிப் பத்து நாள் தவிர, தினமும் மதியம் அம்மா பிசைந்த ரசம் சாதம்தான். மிளகு மட்டும் அவருக்குக் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும்.