பிரிண்டிங் பட்டறைக் கணினிக்கு ரோலிங் லினக்ஸ் தேர்ந்தெடுத்த அனுபவம்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்துகொடுக்கும் எங்கள் பட்டறையில், டிசைன் வேலைக்கென்று இருக்கும் கணினி இன்டெலின் ஏழாம் தலைமுறைச் சில்லு கொண்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. நன்றாக ஓடுகிற கணினியைத் தூக்கிப் போட மனம் வராததால் லினக்ஸுக்கு மாறுவதென்று முடிவு செய்தேன். எந்த லினக்ஸ் என்பதில்தான் நாட்கள் போயின.

தொடர்ந்து புதுப்பிக்கப்படும் ரோலிங் வகையைத் தேடியதற்குக் காரணம், படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருள். 2025 மார்ச்சில் வெளியான அதன் 3.0 பதிப்பில், படத்துக்குப் போட்ட ஃபில்டரைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் திறந்து அளவை மாற்ற முடியும். சாம்பிள் போய் வந்தபின் “இன்னுங் கொஞ்சம் டார்க்கா வேணுங்க” என்று மெர்ச்சண்டைசர் சொல்வது எங்கள் தொழிலில் வாடிக்கை என்பதால், அந்த வசதி எனக்குப் பெரிது. ஆனால் பலரும் பயன்படுத்தும் லினக்ஸான உபுண்டு 24.04-இன் மென்பொருள் களஞ்சியத்தில் கிடைப்பது பழைய 2.10 வரிசைதான். கிம்ப் மட்டுமே தேவையென்றால், உபுண்டு வழி வந்த லினக்ஸ் மிண்டைப் போட்டு, எந்த லினக்ஸிலும் மென்பொருளைத் தனியாக நிறுவ உதவும் ஃபிளாட்பேக் வழியாகப் புதிய பதிப்பை இறக்கிக்கொண்டாலே போதும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்த இயங்குதளத்தையும் அடுத்த பதிப்புக்கு ஏற்றும் வேலை, ஆர்டர் நெருக்கும் நேரத்தில் வந்து நிற்கக்கூடாது என்று நினைத்ததால்தான் நான் அதோடு நிற்கவில்லை.

கோவையில் பொறியியல் படிக்கும் மச்சினனிடம் கேட்டேன். “ஆர்ச்சே போட்டுக்கலாங்க மாமா, விக்கியில எல்லாமே இருக்குதுங்க” என்றான். அவன் சொன்னது உண்மைதான். 2002 முதல் இருந்துவரும் ரோலிங் லினக்ஸான ஆர்ச்சின் விக்கியை மற்ற லினக்ஸ்காரர்களும் படிக்கிறார்கள். ஆனால் புதுப்பிக்கும் முன் அதன் தளத்தில் வந்துள்ள அறிவிப்புகளைப் பார்த்து, சில நேரங்களில் கையால் ஏதாவது செய்துவிட்டே தொடர வேண்டும் என்பது அங்கே நியதி. ஆர்ச்சை அடிப்படையாகக் கொண்ட ஆன்டர்கோஸ் நின்றுபோன 2019-இல் அதன் வழியில் வந்த எண்டெவர் ஓஎஸ், ஆர்ச்சை நிறுவும் சிரமத்தைப் போக்குகிறது. நிறுவி முடித்தபின் கையில் இருப்பது கிட்டத்தட்ட ஆர்ச்தான். ஆர்ச் வழி வந்த இன்னொன்றான மஞ்சாரோவில் ஆர்ச்சின் பொதிகளை, அதாவது மென்பொருள் தொகுப்புகளை, சிறிது காலம் நிறுத்திவைத்துச் சோதித்தபின் வெளியிடுகிறார்கள் என்பதால் அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பயனர்கள் பராமரிக்கும் ஏயுஆர் களஞ்சியத்திலிருந்து எதையாவது எடுத்தால், அது ஆர்ச்சின் அன்றைய நிலையை எதிர்பார்ப்பதால் சில வேளைகளில் ஒத்துவராமல் போகும். டெபியன் லினக்ஸின் நிலையற்ற கிளையான சிட் என்னைப் போன்றவர்களுக்கானதல்ல.

புதியவர்களுக்கு எளிது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் நிறுவும் சாளரங்களைத்தான் பார்க்கிறார்கள். நிறுவுவது ஒருமுறை, புதுப்பிப்பதோ வாராவாரம். ஒரு புதுப்பிப்பு கெட்டுப்போனால் நேற்றைய நிலைக்கு நானே, யாரையும் கூப்பிடாமல், திரும்ப முடியுமா என்பதைத்தான் நான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். அதில் முன்னே நின்றது ஓப்பன்சூசே தம்பிள்வீட். 2014 முதல் இப்போதைய வடிவில் வரும் இதன் ஒவ்வொரு வெளியீட்டையும் ஓப்பன்கியூஏ என்ற தானியங்கி அமைப்பு மெய்நிகர் கணினிகளில் நிறுவி, திரையில் வருவதை எதிர்பார்த்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகே வெளியே விடுகிறது. அதையும் மீறி ஏதாவது வந்தால், பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையும் ஸ்னாப்பர் என்ற கருவியும் சேர்ந்து ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் முன்னும் பின்னும் நிலைப்படம், அதாவது அந்த நேரத்து இயங்குதளத்தின் பதிவு, எடுத்து வைத்திருக்கும். மஞ்சாரோவிலும் டைம்ஷிஃப்ட் என்ற கருவி கொண்டு இதைச் செய்யலாம், ஆனால் நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். இங்கே நிறுவியவுடனே இருக்கிறது.

கேள்விப்பட்டதை மட்டும் நம்பி ஆர்டர் வேலையை ஒப்படைக்க முடியாது என்பதால், சும்மா கிடந்த ஒரு எஸ்எஸ்டியில் கேடிஇ திரைச்சூழலுடன் அதை நிறுவி, வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தேன். உள்நுழைவுத் திரையைத் தரும் எஸ்டிடிஎம் என்ற பொதியையே நீக்கினேன். அதன்பின் ஒரு செஸ்ட் பிரிண்ட் டிசைனைச் சேமித்துவிட்டுக் கணினியை மறுபடி துவக்கினேன். கறுப்புத் திரையில் பயனர் பெயரைக் கேட்கும் ஒரே ஒரு வரி மட்டும் நின்றது. மீண்டும் துவக்கி, பூட் மெனுவில் தேதியும் நேரமும் போட்டு வரிசையாக இருந்த நிலைப்படங்களில் நீக்குவதற்கு முந்தையதைத் தேர்ந்தெடுத்ததும் வழக்கமான திரை வந்தது. டெர்மினலில் ‘சூடோ ஸ்னாப்பர் ரோல்பேக்’ என்று கொடுத்து இன்னொருமுறை துவக்கியபின் அதுவே நிரந்தரமாகிவிட்டது. நம் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவு வட்டில் தனித் துணைத்தொகுதியாகப் பிரித்து வைக்கப்பட்டிருப்பதால் நிலைப்படம் அதைத் தொடுவதில்லை. இடையில் சேமித்த டிசைன் அப்படியே இருந்தது. அன்றே பட்டறைக் கணினியிலும் ஏற்றிவிட்டேன்.

புதுப்பிக்க ‘ஸிப்பர் டப்’ என்ற கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும்; மற்ற லினக்ஸ்களின் பழக்கத்தில் ‘ஸிப்பர் அப்’ என்று கொடுப்பது தம்பிள்வீட்டுக்குப் பொருந்தாது. வாரத்தில் பல வெளியீடுகள் வரலாம், எல்லாவற்றையும் துரத்த வேண்டியதில்லை. சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் அன்று கை வைப்பதில்லை. பட்டறை விடுமுறையான ஞாயிறு காலையில்தான். பொதிகளை உருவாக்கப் பயன்படும் அடிப்படைக் கம்பைலர் மாறும்போது ஆயிரக்கணக்கான பொதிகள் ஒரேயடியாக வரும் என்பதால், முதலில் பதிவிறக்கம் மட்டும் செய்யும் வாய்ப்பைக் கொடுத்துவிட்டு, மின்தடை அறிவிப்பு இல்லாத நேரமாகப் பார்த்து நிறுவுகிறேன். நிலைப்படங்கள் இடத்தை அடைக்கும் என்பதால், இயங்குதளம் இருக்கும் வட்டுப் பகுதியான மூலப் பகிர்வுக்கு 40 ஜிபிக்கு மேல் ஒதுக்குவது நல்லது. என் கணினியில் இன்டெலின் உள்ளமை கிராஃபிக்ஸ் என்பதால் டிரைவர் தொல்லை இல்லை. என்விடியா அட்டை வைத்திருப்பவர்கள், கெர்னல் புதிதாகும் வேகத்துக்கு அதன் டிரைவர் சில நேரம் பின்தங்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

தமிழ்99 தட்டச்சை ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகச் சேர்த்துக்கொண்டேன். பாமினி எழுத்துருவில் வரும் பழைய வாசகங்களுக்கு அந்த எழுத்துருக் கோப்பை நிறுவியதும் சரியாகிவிட்டது. கோரல்டிரா கோப்புகளை லினக்ஸில் ஓடும் வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப் திறக்கிறது, ஆனால் எல்லாம் ஒழுங்காக வருவதில்லை. ஆகவே கம்பெனிகளிடம் எழுத்துகளைக் கர்வாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றிய பிடிஎஃப் அனுப்பச் சொல்கிறேன், பெரும்பாலானோர் அனுப்பிவிடுகிறார்கள். கணக்கெழுதும் டேலி மட்டும் ஆபீஸ் அறையிலுள்ள விண்டோஸ் கணினியிலேயே இருக்கிறது.