முறிகண்டியில் இடிபட்ட கதவு

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியால் போகிற வாகனம் முறிகண்டியில் நிற்காமல் போனால் அம்மாவுக்குப் பொறுக்காது. பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் பை ஒன்று கையில் வந்தால்தான் அவருக்குப் பயணம். பஸ்காரர், லொறிக்காரர், வான்காரர் எல்லாருக்கும் அதே எண்ணம்தான். அங்கே யார் எங்கே நிறுத்துவது, யார் முதலில் எடுப்பது என்பதெல்லாம் அவரவர் கெட்டித்தனம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு முன்னால் நின்ற பஸ் வெளிக்கிடட்டும் என்று காரை நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். கச்சான் கடைப் பக்கமிருந்து பட்டா என்கிற சின்ன லொறி ஒன்று ரிவேர்ஸில் வந்து இடது பின்கதவில் இடித்தது. தகர டப்பாவை யாரோ மிதித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓடிவந்தது இருபது இருபத்திரண்டு வயதுப் பெடியன். இறங்கிய உடனேயே, "அக்கா, நான் பாத்துத்தான் எடுத்தனான். நீங்கள்தான் முன்னுக்கு வந்திட்டியள்" என்றான்.

சனம் கூடிவிட்டது. எங்கள் பக்கத்தில் இதற்கென்று எழுதாத சட்டமொன்று இருக்கிறது: பெரிய வாகனக்காரன்தான் பிழை, அளவு சரிக்குச் சரி என்றால் காசுக்காரன் பிழை. சொந்தக் காரில் வந்தவளுக்கும் கூலிக்கு ஓடுகிற பெடியனுக்கும் இடையில் தீர்ப்பு எப்படி வரும் என்று சொல்லத் தேவையில்லை. "பாவம் பிள்ளை அவன். ஒரு ஐயாயிரத்தைக் குடுத்திட்டுப் போம்மா" என்றார் வேட்டி கட்டிய ஒரு ஐயா. இடிபட்டது என் கதவு, காசு கொடுப்பதும் நான்! அவர் கெட்டவரில்லை. பெடியன் முகத்தைப் பார்த்தால் எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் சங்கக் கடைக் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறவள். பாவத்தை ஒரு பக்கத்திலும் பிழையை இன்னொரு பக்கத்திலும் எழுதித்தான் எனக்குப் பழக்கம்.

வாய்த்தர்க்கத்துக்குப் போகாமல் போனை எடுத்தேன். வாகனங்களை அசைக்க முதல் படம் எடுத்துவிட வேண்டும். தள்ளி நின்று இரண்டு வாகனமும் தெரிய ஒன்று, பிறகு நாலு பக்கமும், இலக்கத் தகடுகள், சில்லுகள் திரும்பியிருக்கும் பக்கம், நிலத்தில் கொட்டியிருக்கும் கண்ணாடித் துண்டுகள். பட்டாவின் வரிப் பத்திரம், காப்புறுதி அட்டை, பெடியனின் லைசன் எல்லாவற்றையும் எடுத்தேன். அவனையும் என்னுடையவற்றைப் படம் எடுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவன் குரல் கொஞ்சம் இறங்கியது.

காப்புறுதிக் கம்பனிக்கு அடித்தேன். இடித்த இடத்துக்கே சேதத்தை மதிப்பிடுகிற அசெசரை அனுப்புகிற வழக்கம் நம் நாட்டில் இருப்பது பெரிய உதவி. கிளிநொச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் கதை சொல்லத் தொடங்கியது. அவர் தலையாட்டிக்கொண்டே போய்க் கதவுக்குப் பக்கத்தில் குந்தினார்.

உள்ளங்கை அளவில் ஒரு பள்ளம். நடுவில் பெயின்ட் உதிர்ந்து தகரம் தெரிந்தது. பள்ளத்தின் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார். வழுவழுப்பாக இருந்தது. "கார் ஓடிக்கொண்டிருந்தால் கீறல் பின்பக்கமாக இழுபட்டிருக்கும். இதில ஒரு கோடும் இல்லை. நிண்ட காரிலதான் பட்டிருக்கு" என்றார். அளவு நாடாவை எடுத்து நிலத்திலிருந்து பள்ளம் வரை அளந்தார், பிறகு பட்டாவின் பின்கதவு மூலை இரும்பு வரை அளந்தார். இரண்டும் ஒரே உயரம். என் கதவில் ஒட்டியிருந்த நீலப் பெயின்ட்டையும் காட்டினார். கூட்டம் மெல்லக் கலைந்தது. ஐந்தாயிரம் ஐயா எப்போது போனார் என்று தெரியவில்லை. "கண்ணாடியில நீங்கள் தெரியேல்ல அக்கா" என்றான் பெடியன்.

தரிப்பிடங்களில் பிழை பார்ப்பது பெரும்பாலும் இப்படித்தான். ரிவேர்ஸ் எடுக்கிறவர்தான் பின்னால் பார்க்க வேண்டும், நிற்கிற வாகனத்தில் பட்டால் சாட்டுச் சொல்ல இடமில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரிவேர்ஸ் எடுத்து முட்டினால் பிழையும் பாதி பாதியாகப் போகலாம். பார்க்காமல் கதவைத் திறந்து, வருகிறவனில் பட்டால் திறந்தவர் தலையில் விழும். பெரிய வாகனம், சின்ன வாகனம் என்ற பேச்சே இதில் கிடையாது.

இன்னொன்று. அந்த இடத்தில் யாராவது கொப்பித் தாளைக் கிழித்து "பிழை என்னுடையது, செலவைத் தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். கிளெய்ம் பண்ணும் எண்ணம் இருந்தால் போடாதீர்கள். கம்பனியைக் கேட்காமல் பிழையை ஏற்கவோ காசு தருவதாகச் சொல்லவோ கூடாது என்று காப்புறுதிப் பொலிசிகளில் நிபந்தனை இருப்பது வழக்கம். ஆளுக்குக் காயமென்றால் கதையே வேறு, பொலிசுக்குப் போகத்தான் வேண்டும். தகரம் மட்டும் நெளிந்து, இரண்டு பேரும் ஒத்துப்போனால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

பிழை யாருடையது என்பது தெரிந்துவிட்டது. காசு எங்கிருந்து வரும் என்பதில்தான் எனக்கு இரண்டு இரவு போனது.

கிளிநொச்சிக் கராச்சில் டிங்கரிங்கும் பெயின்ட்டும் சேர்த்து 38,000 ரூபா சொன்னார்கள். எனக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, கிளெய்ம் பண்ணினால் சரிதானே என்றார் தம்பி. அங்கேதான் அசெசர் போகிற போக்கில் சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது: பொலிசியில் போட்டிருக்கிற பெறுமதி சந்தை விலையைவிடக் குறைவென்றால் சேதத்தை முழுதாகத் தரமாட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை ஏறிப்போனது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். என் வாகன்ஆர் காரின் சந்தை விலை 60 லட்சம் என்று வையுங்கள், பொலிசியில் போட்டிருப்பது 45 லட்சம். முக்கால் பங்குக்குத்தான் காப்புறுதி செய்திருக்கிறேன் என்று கணக்குப் பார்த்து, சேதத்திலும் முக்கால் பங்குதான் தருவார்கள். 38,000 என்பது 28,500 ஆகிவிடும். அதில் என் கையால் போட வேண்டிய எக்ஸஸ் 10,000 கழிந்தால் மிச்சம் 18,500.

மற்றப் பக்கத்தில் நோ கிளெய்ம் போனஸ், கிளெய்ம் எடுக்காமல் இருந்தால் வருடக் கட்டணத்தில் தருகிற கழிவு. எனக்கு ஐம்பது வீதம் கழிவு, அதனால் 120,000 கட்ட வேண்டிய இடத்தில் 60,000 கட்டுகிறேன். ஒரு கிளெய்ம் எடுத்தால் அது இருபத்தைந்துக்கு இறங்கும் என்றார்கள். அடுத்த வருடம் 90,000. பதினெட்டாயிரத்துச் சொச்சத்தை வாங்கப் போய் முப்பதாயிரத்தைக் கட்டுவதா? கம்பனிக்குக் கம்பனி இது மாறும், ஆனால் சின்ன நெளிவுக்குக் கிளெய்ம் பண்ண முதல் ஒரு தாளில் இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள்.

மாங்குளத்தில் இருக்கிற பட்டா முதலாளிக்குப் படங்களை அனுப்பினேன். "தங்கச்சி, பெடியன் சொல்லிப்போட்டான். பில்லை நான் கட்டுறன்" என்றார். அவருடையது எதிராளிக்கு வருகிற சேதத்துக்கு மட்டுமான தேர்ட் பார்ட்டிக் காப்புறுதி. அதிலும் எதிராளி வாகனச் சேதத்துக்கு ஒரு எல்லை வரைக்கும் இடமிருந்தது. ஆனால் அதற்குப் பொலிஸ் அறிக்கை, படிவம் என்று அலைய அவருக்கு விருப்பமில்லை. காசை நேரே கராச்சுக்கே கட்டினார். இந்தச் சேதம் பற்றி இனி ஒருவருக்கொருவர் கேட்க ஒன்றுமில்லை என்று திகதி, வாகன இலக்கங்களுடன் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். கிளெய்ம் எடுக்கவில்லை என்று என் கம்பனிக்கும் ஒரு கடிதம் போட்டேன், அசெசர் வந்துபோனதே போனஸில் கைவைக்கக் காரணமாகிவிடக் கூடாதே.

பட்டாவின் உடைந்த பின் லைட்டுக்குத் தேர்ட் பார்ட்டியில் ஒரு சதமும் வராது. அதைப் பெடியனின் சம்பளத்தில் முதலாளி பிடித்தாரோ தெரியாது. கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.