பெரிய ஹார்ன்களுடன் ஒரு வீட்டுத் திரையரங்கு

வீட்டுத் திரையரங்குக்கு, ஒலி வெளிவரும் வழி புனல்போல் விரியும் பெரிய ஹார்ன் ஒலிபெருக்கிகளைத் தேர்ந்தெடுத்தபோது, இவ்வளவு சத்தம் எதற்கு என்றுதான் நண்பர்கள் கேட்டார்கள். நான் தேடியது சத்தத்தை அல்ல. சாதாரணப் பெட்டி ஒலிபெருக்கி ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 88 டெசிபல் தருமென்றால், நல்ல ஹார்ன் 100 டெசிபலை எளிதாக எட்டும். இந்த 12 டெசிபல் வித்தியாசம் சுமார் 16 மடங்கு திறனுக்குச் சமம் என்பதால், படத்தில் கதவு அறைந்து சாத்தப்படும் கணத்திலும் ஒலியை எழுப்பும் சவ்வான டயஃப்ரம் மிகச் சிறிதே அசைகிறது, ஒலியும் பிசிறுவதில்லை.

சிக்கலெல்லாம் பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியில்தான். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். அதற்கேற்ற வாயுள்ள ஹார்ன் வீட்டுக்குள் நுழையாது. அமெரிக்க ஒலிப் பொறியாளர் பால் கிளிப்ஷ் 1940களில் ஹார்னை மடித்து, அறை மூலையின் சுவர்களையே அதன் நீட்சியாக்கியது இதற்காகத்தான். நானும் பாஸ் பெட்டிகளை மூலைகளில் வைத்தேன். உள்ளே மடிந்த பாதை மூன்று மீட்டர் என்பதால் ஒலி ஒன்பது மில்லிசெகண்டு பிந்தி வந்தது. அப்பெட்டிகள் மூன்று மீட்டர் கூடுதல் தொலைவில் இருப்பதாக, ஒலிபெருக்கிகளை இயக்கும் ரிசீவரில் பதிந்ததும், அது மற்றவற்றின் ஒலியை அதே அளவு தாமதப்படுத்தியது; முரசின் அடியும் அதிர்வும் ஒன்றாக விழுந்தன.

நடு ஹார்னை மட்டும் நுண்துளைத் திரைக்குப் பின்னால், இடது, வலது ஹார்ன்களின் உயரத்திலேயே நிறுத்தினேன். திரைக்குக் கீழே படுக்கவைத்த பெட்டியிலிருந்து வரும் வசனம், நடிகரின் முழங்கால் பேசுவதுபோலவே எனக்குக் கேட்கும்.