முதல் தண்ணீர்

கத்தோலிக்க ஆலயத்தில் திருப்பலி, அதாவது பூசை, முடிந்து பீடத்திலிருந்து வரும் துணிகளை நேரே வாஷிங் மெஷினில் போடக்கூடாது. பூசைப் பொருள்களை வைத்துத் தயார்செய்யும் அறையான சாக்ரிஸ்டியில் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லவேண்டியது இதுதான். திராட்சை இரசம் வார்க்கும் திருக்கிண்ணத்துக்கு அடியில் விரிக்கும் திருமேனித் துகிலிலும், கிண்ணத்தைத் துடைக்கும் சிறு துணியிலும் நற்கருணைத் துகள், அதாவது பூசையில் கிறிஸ்துவின் உடலாகிவிட்ட அப்பத்தின் துகள், ஒட்டியிருக்கலாம். அதனால் முதலில் வெறும் தண்ணீரில் கையால் அலச வேண்டும். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகக்கூடாது, மண்ணுக்குத்தான் போகவேண்டும். பல சாக்ரிஸ்டிகளில் இதற்கென்றே ஒரு தொட்டி உண்டு. அதன் குழாய் நேரே நிலத்துக்குள் இறங்கும். தொட்டி இல்லையென்றால் ஆள் மிதிக்காத செடியடியில் ஊற்றலாம். வத்திக்கான் 2004-ல் வெளியிட்ட அறிவுறுத்தலும் இந்த முறையைத்தான் போற்றுகிறது. சோப்பும் மெஷினும் இரண்டாவது அலசலுக்கு.

சிங்கப்பூரில் இந்த ஒழுங்கு தவறுவது, துணியை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் 12-ஆம் மாடியில் மண் ஏது? எவ்வளவு பக்தியோடு அலசினாலும் தண்ணீர் கிச்சன் சிங்க்கில்தான் போகும். ஆகவே முதல் அலசலை ஆலயத்திலேயே முடித்து, பிழிந்த துணியைக் கொடுத்தனுப்புவதே சரி. திராட்சை இரசக் கறையை முதலில் பச்சைத்தண்ணீரில் அலசவேண்டும். கறை போகுமுன் இஸ்திரி போட்டால் சூட்டில் அது துணியோடு பிடித்துக்கொள்ளும். துடைக்கும் துணிக்குக் கஞ்சி வேண்டாம், ஈரம் உறிஞ்சாது.

திருமேனித் துகிலை மடிப்பதற்கும் முறை உண்டு. நெடுக்கில் மூன்றாக, குறுக்கில் மூன்றாக, எப்போதும் உள்நோக்கி. விரித்தால் ஒன்பது கட்டம் தெரியும். உள்நோக்கி மடித்தால்தான் விழுந்த துகள் உள்ளேயே தங்கும். பூசை முடிந்த அவசரத்தில் சிலர் அதை மேசைவிரிப்பைப் போல உதறிவிடுகிறார்கள். மேலே மின்விசிறி வேறு சுற்றிக்கொண்டிருக்கும். பார்க்கும்போது மனம் பதறுகிறது.

பூசைக்கான அப்பத்துக்குக் கோதுமை மாவும் தண்ணீரும் தவிர வேறொன்றும் சேராது. இங்குள்ள ஈரக்காற்றில் பாக்கெட்டைத் திறந்துவைத்தால் நமுத்துப்போகும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு டப்பாவை இறுக மூடவேண்டும். திறந்த திராட்சை இரசம் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். புளித்துக் காடியானது பீடத்துக்கு ஆகாது.

1888-ல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்த ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயம் தொடங்கி, இந்த ஊரில் ஒரே பீடத்தைப் பல மொழிக்காரர்கள் பகிர்ந்துகொள்வது வழக்கம். ஒரு திருப்பலிக்கும் அடுத்ததற்கும் இடையே நேரம் குறைவு என்றால் கைகள் வேகமெடுக்கும். கழுவாமல் வந்துவிட்ட திருக்கிண்ணத்தைச் சாக்ரிஸ்டி வேலை பார்ப்பவரான சாக்ரிஸ்டனே கழுவிவிடுவது அப்போதுதான் நடக்கிறது. அது குருவோ, குருவுக்கு அடுத்த படியில் உள்ள திருத்தொண்டரோ, முறைப்படி நியமிக்கப்பட்ட பீடத்துணைவரோ செய்யவேண்டிய வேலை. திருமேனித் துகிலின்மேல் வைத்து மூடிவிட்டுக் குருவிடம் சொன்னால் போதும்.

நற்கருணை வாங்குமுன் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் நற்கருணை உபவாசத்தைப் பற்றியும் குழப்பம் இருக்கிறது. ஒரு மணி நேரக் கணக்கு பூசை தொடங்கும் நேரத்துக்கல்ல, நற்கருணை வாங்கும் நேரத்துக்கு. ஒன்பது மணிப் பூசையில் நற்கருணைக்கு ஏறக்குறைய 9.45 ஆகிவிடும். இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர் 8.30-க்குள் கோப்பியும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு வரலாம், குற்றவுணர்வு வேண்டாம். தண்ணீரும் மருந்தும் எப்போதும் தடையில்லை. முதியோர், நோயாளிகள், அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்கள் ஆகியோருக்கு இந்த விதியே இல்லை.

பசியைவிடக் கடினமானது மௌனம். பூசைக்கு முன் சாக்ரிஸ்டியிலும் அமைதி காக்கவேண்டும் என்பதே திருச்சபையின் ஒழுங்கு. ஆனால் அங்கேதான் வாட்ஸ்அப் பேச்சு, யார் பூ வைப்பது என்ற மனத்தாங்கல், போன வாரத்துக் கோபம் எல்லாம். காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரரோடு ஒப்புரவாகிவிட்டு வா என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறார். பூ வைக்கும் அக்காவிடம் பேச்சு நின்றிருந்தால், முதலில் அவரிடம் போய் இரண்டு வார்த்தை பேசவேண்டும். மெழுகுவர்த்தி ஏற்றுவது அதற்குப் பிறகு.