ட்ரோக்பாவின் லெ மான் வருஷங்கள்

2002 ஜனவரியில் லெ மான் என்ற பிரெஞ்சு இரண்டாம் டிவிஷன் கிளப், தன் ஸ்ட்ரைக்கர் ஒருவரை கேங்காம் என்ற சின்ன ஊர் கிளப்புக்கு விற்றது. விலை ஏறக்குறைய 80,000 பவுண்டு. 2004 ஜூலையில் அதே ஆளை செல்சி வாங்கியது, 2 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு. இரண்டரை வருஷத்தில் முந்நூறு மடங்கு. புதுச்சேரியில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு, திதியே ட்ரோக்பா என்றால் முதலில் கண்ணில் நிற்பது இந்த இரண்டு எண்கள்தான். கோலெல்லாம் அப்புறம்.

விலை எப்படி ஏறியது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 23 வயது வரை ஏன் ஏறவே இல்லை என்பதில்தான் எனக்கு ருசி.

1978-ல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானில் பிறந்தவர். ஐந்து வயதில் அவரைப் பெற்றோர் பிரான்சுக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள், நெருங்கிய சொந்தமான மிஷேல் கோபாவின் வீட்டுக்கு. இதை வேறு ஊரில் சொன்னால் "ஐந்து வயதிலா?" என்பார்கள். பாண்டியில் கேட்க மாட்டார்கள். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகு பிரெஞ்சு நேஷனாலிட்டி எழுதிக்கொடுத்து வாங்கிய குடும்பங்கள் இங்கே நிறைய. பையனை பாரிஸ் பக்கத்து சர்செல்லில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டு மீனம்பாக்கத்தில் அழுத அம்மாக்கள் எங்கள் முத்தியால்பேட்டையிலேயே உண்டு. என் பெரியம்மா அதில் ஒருவர். ஜூலை லீவுக்கு வரும்போதெல்லாம் அண்ணனின் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகிக்கொண்டே போனது. கடைசியில் பெரியம்மா திட்டினால் மட்டும் உடனே புரியும்.

ட்ரோக்பாவுக்கு வீட்டு ஏக்கம் தாங்கவில்லை. மூன்று வருஷத்தில் அபிஜானுக்கே திரும்பி, கார் நிறுத்துகிற இடத்தில் பந்தாடிக்கொண்டிருந்தார். அப்புறம் அப்பா அம்மா இருவருக்கும் வேலை போனது. மறுபடி கோபா வீடு. கோபாவும் தொழில்முறை ஆட்டக்காரர்தான். அவர் கிளப் மாறினால் ஊர் மாறும், பள்ளிக்கூடமும் மாறும். ரைட் பேக்காக ஆடிக்கொண்டிருந்த பையனை முன்னால் போய் ஆடச் சொன்னவரும் அவரே. 1991-ல் பெற்றோர் பிரான்சுக்கு வந்தார்கள். பாரிஸ் புறநகரில் குடியேறி, லெவல்வா கிளப்பின் இளைஞர் அணியில் அவர் சேர்ந்தபோது வயது 15. பெரிய கிளப்பின் அகாடமி எதிலும் வளர்ந்தவரில்லை.

லெ மானைப் பிடித்ததற்கு ஒரு காரணம், அங்கே பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம் என்பது. படித்தது என்ன தெரியுமா? கணக்குப் பதிவியல். (இதைப் படித்த அன்று எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, சொல்லி முடியாது.) வந்த சில நாளிலேயே பாதத்தில் எலும்பு முறிந்தது. அப்புறம் கணுக்காலும் அதற்கு மேல் எலும்பும். முதல் தொழில்முறை ஒப்பந்தம் கிடைத்தபோது 21 வயது. தினமும் பயிற்சி எடுத்து வாராவாரம் ஆடுகிற உடம்பு வருவதற்கு நாலு வருஷம் ஆனது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

என் அக்கா மகனுக்கு 17 வயது. உப்பளம் பக்கம் ஃபார்வர்டாக ஆடுகிறான். போன மாதம் ஒரு செலக்‌ஷனில் கழித்துவிட்டார்கள். என் வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்தான்.

"பதினெட்டுக்குள்ள யாராவது பாத்தாத்தான் மாமா உண்டு. இல்லன்னா அவ்ளோதான்."

"யாருடா சொன்னது?"

"கோச்சு."

ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். லெ மான், 1999-2000: 30 ஆட்டம், 7 கோல். அடுத்த சீசன்: 11 ஆட்டம், ஒரு கோலும் இல்லை. அதற்கடுத்து, விற்கப்படும் வரை: 21 ஆட்டம், 5 கோல். பார்த்துவிட்டு, "என்ன மாமா, நம்ம லீக்லயே இதைவிட நல்லா அடிக்கிறாங்க" என்றான். ஆள் யாரென்று சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றினான்.

ஆனால் இதை வைத்து யாரும் பையன்களை உசுப்பேற்ற வேண்டாம். இதே மாதிரி எண்களோடு இரண்டாம் டிவிஷனிலேயே முடிந்துபோனவர்கள்தான் அதிகம். நான் சொல்வது, 18 வயதில் போடுகிற கோட்டை யாரும் கடைசிக் கோடாக நினைக்க வேண்டாம் என்பதுதான்.

கேங்காம், பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் ஏழாயிரம் பேர் சுமாருக்கு வாழ்கிற ஊர். ஸ்டேடியத்தில் மட்டும் 18,000 பேர் உட்காரலாம். மொத்த ஊரும் வந்தாலும் பாதி நிரம்பாது. அங்கேதான் எல்லாம் மாறியது. பக்கத்தில் ஃப்ளோரான் மலூதா ஆடினார். 2002-03 சீசனில் முதல் டிவிஷனில் 34 ஆட்டம், 17 கோல். உடனே மர்செய் அழைத்தது, விலை சுமார் 33 லட்சம் பவுண்டு. அங்கே ஒரே சீசன்: லீகில் 19 கோல், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூயேஃபா கோப்பையின் இறுதி ஆட்டம், அதில் ஸ்பெயினின் வலென்சியாவிடம் தோல்வி. அந்த சீசனில் போர்ச்சுகல் கிளப் போர்டோவுக்கு எதிராகவும் கோல் அடித்திருந்தார். போர்டோவின் பயிற்சியாளர் மொரின்யோ அடுத்த கோடையில் செல்சிக்குப் போனபோது இவரையும் வாங்கவைத்தார்.

செல்சிக் கதை எல்லாருக்கும் தெரியும்: நாலு பிரீமியர் லீக் பட்டம், 381 ஆட்டத்தில் 164 கோல். 2012 மே மாதம் மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் நமக்கு நள்ளிரவு 12:15-க்குத் தொடங்கியது. 83-ஆவது நிமிஷத்தில் எதிரணி பயர்ன் மியூனிக் கோல் போட்டதும் எங்கள் வீட்டில் பாதிப் பேர் படுக்கப் போய்விட்டார்கள். 88-ஆவது நிமிஷத்தில் மாட்டாவின் கார்னர், ட்ரோக்பா தலை, 1-1. நான் போட்ட சத்தத்தில் போனவர்கள் எழுந்து வந்தார்கள், திட்டுவதற்கு. கூடுதல் நேரத்தில் பயர்னின் ரிபெரியை இடறி பெனால்டி கொடுத்தவரும் இவர்தான். ராபன் அடித்ததை செல்சி கோல்கீப்பர் செக் பிடித்தார். ஆட்டம் சமனாகி பெனால்டி ஷூட்-அவுட்டுக்குப் போனபோது, கடைசிப் பெனால்டியைப் போட்டு செல்சியை ஜெயிக்கவைத்தவரும் இவரே.

ஐவரி கோஸ்ட்டின் உள்நாட்டுப் போர் பற்றி வாட்ஸாப்பில் அடிக்கடி வரும் ஒன்று: "ட்ரோக்பா ஒரே பேச்சில் போரை நிறுத்தினார்." 2005 அக்டோபரில் சூடானில் உலகக் கோப்பைத் தகுதி பெற்ற இரவு, சக ஆட்டக்காரர்களோடு மண்டியிட்டு, ஆயுதத்தைக் கீழே போடுங்கள் என்று கேமரா முன் கேட்டது உண்மை. 2007-ல் கலகக்காரர்களின் தலைநகரான புவாக்கேயில் தேசிய அணி ஆடியதும் உண்மை. ஆனால் அமைதி ஒப்பந்தம் பேச்சுவார்த்தையில் வந்தது, 2007 மார்ச்சில். 2010 தேர்தலுக்குப் பிறகு சண்டை மறுபடி வெடித்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஒரு ஸ்ட்ரைக்கரால் முடிந்ததை அவர் செய்தார், மற்றதை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

நாட்டுக்காக 105 ஆட்டம், 65 கோல். ஆப்பிரிக்கக் கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. மியூனிக்குக்கு மூன்று மாதம் முன்னால், ஜாம்பியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் பெனால்டியை கம்பத்துக்கு மேலே அடித்தார். 2014-ல் தேசிய அணியிலிருந்து விலகினார். அடுத்த பிப்ரவரியிலேயே ஐவரி கோஸ்ட் கோப்பையை வென்றது.

அக்கா மகன் இதைக் கேட்டு, "பாவம் மாமா" என்றான். நாலு பிரீமியர் லீக் பட்டம் வாங்கியவருக்குப் பாவம் பார்க்கிறான் அவன்.