கிணற்றடியும் கொன்டாக்ட் லென்ஸும்

கண்ணாடி உடைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். ஊர் விளையாட்டுக் கழக மைதானத்தில் ஓவர் கேம் என்கிற கரப்பந்தாட்டம் நடந்துகொண்டிருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் நின்ற பெடியன் அடித்த பந்து என் கைக்கு வராமல் நேரே மூக்குக்கு வந்தது. பிரேம் இரண்டாகி, ஒரு பக்கத்துக் கண்ணாடி மணலுக்குள் போய்விட்டது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஆறு பேர் குந்தியிருந்து தேடினார்கள். நான் தேடவில்லை. எனக்குப் பவர் மைனஸ் ஆறரை. கண்ணாடி இல்லாமல் என் கால்விரலே எனக்கு வடிவாகத் தெரியாது.

அன்றிரவு பிரேமை நூலால் கட்டிப் போட்டுக்கொண்டு சாப்பிட இருந்தேன். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "நாப்பது வயசாகப் போகுது. ஒண்டில் பந்தடிக்கிறதை விடுங்கோ, இல்லாட்டி உந்தக் கண்ணாடியை விடுங்கோ."

பந்தை விடுகிற எண்ணம் இல்லை. அப்படித்தான் கொன்டாக்ட் லென்ஸ் கதை எங்கள் வீட்டில் தொடங்கியது.

கண்ணாடி எனக்கு ஒன்பது வயதில் வந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்துத்தான் என் கண் கெட்டது என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். அப்பாவுக்கும் மைனஸ் நாலு இருந்ததை அந்த நேரம் வசதியாக மறந்துவிடுவார். அது போகட்டும். முப்பது வருடம் போட்ட சாமான் முகத்தின் ஒரு பகுதியாகிவிடும், தனியாக அதில் வெறுப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் பந்தைத் தவிர வேறு இரண்டு தொல்லைகளும் இருந்தன. ஹெல்மெட்டைப் போட்டால் மூச்சில் கண்ணாடியில் பனிப்புகார் மாதிரிப் படியும். மாரிகாலத்தில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனால் மழைத்துளிக்குப் பின்னால் ஒரு புகார், புகாருக்குப் பின்னால் நான்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து வந்திருந்த சித்தியின் மகனிடம் இதைச் சொன்னேன். அவன் பதினைந்து வருடமாக லென்ஸ் போடுகிறான். "என்னட்டை மிச்சம் ஒரு பெட்டி கிடக்கு அண்ணை, எனக்கும் ஆறரைதான், கொண்டு போங்கோ" என்றான். காசில்லாமல் கிடைக்கிறதே என்று ஆசை வந்தது உண்மைதான். பெட்டியை வாங்கி மேசையில் வைத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஏதோ ஒரு பயத்தில் கடைக்குப் போனேன்.

முதல் ஏறிய கடையில் என் கண்ணாடிச் சீட்டைப் பார்த்துவிட்டு, அதே பவரில் லென்ஸ் எடுத்துத் தரலாம் என்றார்கள். கண்ணைப் பார்க்கவே இல்லை. அவ்வளவு சுகமான அலுவலா என்று யோசித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அது எவ்வளவு பிழை என்று பிறகுதான் விளங்கியது.

அடுத்ததாகக் கண் வைத்தியரிடம் போனேன். மைனஸ் ஆறைத் தாண்டினவர்களுக்கு விழித்திரை மெல்லிதாகி, கிழிவதற்கோ கழர்வதற்கோ வாய்ப்புக் கூட என்பதால், சொட்டு மருந்து விட்டு கண்மணியை விரித்துப் பார்த்தார். (மருந்து விட்டால் சில மணித்தியாலத்துக்கு வெயிலில் கண் கூசும், கிட்ட உள்ளது மங்கும். திரும்பி வர ஆள் ஒன்றைக் கூட்டிப் போங்கள். நான் ஒருவரையும் கூட்டிப் போகவில்லை, சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டோவில் வந்தேன்.) லென்ஸ் போட்டாலும் சரி, லேசர் செய்தாலும் சரி, இந்த விழித்திரை மாறாது, மின்னல் மாதிரி வெளிச்சமோ திடீரென்று நிறையக் கரும்புள்ளிகளோ தெரிந்தால் உடனே வரவேண்டும் என்றார். லேசர் பற்றி நானும் கேட்டுப் பார்த்தேன். வெள்ளெழுத்து வரப் போகிற வயதில் அதற்குச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.

லென்ஸ் அளவெடுத்தது வேறொரு இடத்தில், ஒரு இளம் பெண். நாடியைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, கண்ணுக்குள் ஒரு மெல்லிய வெளிச்சக் கோட்டை விட்டு நிறைய நேரம் பார்த்தார். மேல் இமையைப் பிரட்டிப் பார்த்தார். அப்புறம் ஒரு கடதாசித் துண்டில் இருந்த செம்மஞ்சள் சாயத்தைக் கண்ணில் தொட்டுவிட்டு, நீல வெளிச்சத்தில் "இமைக்காமல் இருங்கோ அண்ணா" என்று எண்ணத் தொடங்கினார். கண்ணீர்ப் படலம் எத்தனை செக்கன் உடையாமல் நிற்கிறது என்று பார்ப்பதாம். பத்துக்கு மேல் நின்றால் நல்லது. எனக்கு ஏழில் உடைந்தது.

"கொம்பியூட்டர் வேலையோ?"

ஓம். எட்டு மணித்தியாலம், ஏசிக்குள்.

"அப்ப முழு நாளும் லென்ஸோடை இருந்தால் பின்னேரம் கண் காய்ஞ்சு உறுத்தும். சோளகக் காத்துக் காலத்திலை தூசியும் சேர்ந்தால் கேக்கத் தேவையில்லை."

நான் கேட்க வந்தது லென்ஸுக்கு மாறலாமா என்று. இந்த இடத்தில்தான் கேள்வியே மாறியது: எந்த நேரத்துக்கு லென்ஸ், எந்த நேரத்துக்குக் கண்ணாடி?

சித்தி மகனின் பெட்டியைக் காட்டியதும் சிரித்தார். கண்ணாடி கண்ணில் இருந்து ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் கண்ணிலேயே ஒட்டுகிறது. பவர் சிறிதென்றால் இந்த இடைவெளி கணக்கில்லை. நாலுக்கு மேலே போனால் கணக்கு மாறும். என் வலது கண்ணுக்குக் கண்ணாடியில் 6.50, லென்ஸில் 6.00. அதாவது அந்த முதல் கடையில் வாங்கியிருந்தால் அரைப் பவர் கூடப் போட்டுக்கொண்டு தலையிடியோடு திரிந்திருப்பேன். இடது கண்ணில் சிலிண்டரும், அதாவது ஒரு திசைக்கு மட்டும் வேண்டிய கூடுதல் பவரும், முக்கால் இருந்தது. அது சின்னது என்பதால் முதலில் சாதாரண லென்ஸில் பார்ப்போம் என்றார். பெட்டியில் பவருக்குப் பக்கத்தில் வளைவு 8.6, விட்டம் 14.2 என்றெல்லாம் அச்சடித்திருக்கிறது. சட்டைக்குக் கழுத்தளவு மாதிரி, அதுவும் ஆளுக்கு ஆள் பொருந்த வேண்டும். தம்பியின் பெட்டி அப்படியே அவனிடம் திரும்பிப் போனது.

போட்டுப் பழகியது பெரிய கூத்து. லென்ஸை விரல் நுனியில் வைத்தால் ஒரு தண்ணீர்த் துளி எழும்பி நிற்பது போல இருக்கும். கிண்ணம் மாதிரி விளிம்பு நேரே நின்றால் சரி, தட்டு மாதிரி வெளியே விரிந்தால் உள்பக்கம் வெளியே வந்திருக்கிறது. மற்றக் கையால் மேல் இமையை மயிர் அடியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். அதைப் பிடிக்காவிட்டால் கண் தானாக மூடிக்கொள்ளும், எத்தனை தரம் என்றாலும் மூடும். முதல் நாள் வலது கண்ணுக்கு மட்டும் நாற்பது நிமிடம். அந்தப் பெண் கோபிக்காமல் பக்கத்தில் இருந்தார். கழற்றும்போது மேலே பார்த்துக்கொண்டு லென்ஸை வெள்ளைமுழிக்கு இழுத்து மெதுவாகக் கிள்ள வேண்டும். எப்போதும் வலதில் தொடங்கினால் இரண்டும் மாறிப்போகாது.

இந்த மெல்லிய லென்ஸை முதன்முதலில் வீட்டில் செய்து பார்த்தவர் செக்கோசிலோவாக்கியாவின் வேதியியலாளர் ஒட்டோ விக்டர்லே. 1961 நத்தாருக்கு, பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டுமானப் பெட்டியையும் சைக்கிள் டைனமோவையும் வைத்துச் சுழற்றி வார்த்தாராம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டு வளர்ந்த எங்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

லென்ஸோடு தெருவில் இறங்கியபோது எல்லாம் ஒரு சுற்றுப் பெருத்துத் தெரிந்தது. மைனஸ் கண்ணாடி உருவத்தைச் சிறிதாக்குகிறது, முப்பது வருடமாக நான் சின்ன உலகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். பக்கவாட்டில் பிரேம் இல்லை. கஸ்தூரியார் வீதியில் கண்ணை மட்டும் திருப்பிப் பின்னால் வருகிற ஓட்டோவைப் பார்த்தேன். தலை அசையவில்லை. சின்ன விஷயம்தான், நாலைந்து தரம் செய்து பார்த்தேன்.

சந்தோசம் கைபேசி அடிக்கும்வரை. எழுத்துத் தெரியவில்லை, கையை நீட்ட வேண்டியிருந்தது. கிட்டப்பார்வைக்காரருக்குக் கண்ணாடி வாசிக்கும்போது கொஞ்சம் சலுகை கொடுக்கிறதாம், லென்ஸ் அந்தச் சலுகையைத் தராது. நாற்பதை எட்டுகிறவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். லென்ஸ் போட்டுக்கொண்டு அதற்கு மேல் ஒரு வாசிப்புக் கண்ணாடி வாங்குகிற நிலை.

அந்தக் கிழமையே மகள் நெருஞ்சி முள்ளோடு நொண்டிக்கொண்டு வந்தாள். முள் எடுப்பது இந்த வீட்டில் என் வேலை. கண்ணாடியைக் கழற்றினால் என் வெறுங்கண்ணுக்கு 15 சென்ரிமீற்றரில் எல்லாம் பளிச்சென்று தெரியும், பூதக்கண்ணாடி தேவையில்லை. லென்ஸோடு அவளின் குதிக்காலைத் தூக்கிப் பார்த்தேன். சேற்று நிறத்தில் ஒரு மங்கல்தான் தெரிந்தது. "அப்பா, குத்தாதேங்கோ" என்று அவள் கத்தக் கத்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கைகழுவி, லென்ஸைக் கழற்றி, திரும்பி வந்து எடுத்தேன். இழந்தது என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இவையெல்லாம் கடையில் கேட்டால் யாரும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் முடிவைத் தீர்மானிப்பது தண்ணீர்.

நாங்கள் குளிப்பது கிணற்றடியில். வாளியால் அள்ளித் தலையில் ஊற்றினால் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? லென்ஸ் தண்ணீரை உறிஞ்சும் பொருள். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், குளத்துத் தண்ணீர் எதிலும் அகந்தமீபா என்ற ஒரு நுண்ணுயிர் இருக்கலாம். சும்மா முகம் கழுவும்போது அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. லென்ஸுக்கும் விழிவெண்படலத்துக்கும் நடுவே அகப்பட்டால் படலத்தைத் தின்னத் தொடங்கும். அரிதாக வருவதுதான், ஆனால் வந்தால் மாதக்கணக்கில் மருந்து, சிலருக்குப் படலத்தையே மாற்ற வேண்டிவரும். அதனால் சட்டம் ஒன்று: லென்ஸில் தண்ணீர் படக்கூடாது. லென்ஸைத் தண்ணீரில் அலசுவதோ, அதை ஊற வைக்கிற பெட்டியைத் தண்ணீரில் கழுவுவதோ, லென்ஸோடு குளிப்பதோ இல்லை. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரும் இல்லை. கீரிமலைக் கேணியில் இறங்குவதென்றால் கழற்றிவிட்டுத்தான்.

அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. "எங்கடை கிணத்துத் தண்ணியிலை என்ன குறை? உன்னை வளர்த்த தண்ணியடா" என்று ரோசம் வந்துவிட்டது. தண்ணீரில் குறையில்லை அம்மா, லென்ஸில்தான் குறை என்று சமாளித்தேன். அவருக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது: "உது கண்ணுக்குப் பின்னாலை போய் மூளைக்குள்ளை ஏறிடாதே தம்பி?" போகாது. இமையின் உள்தோல் மடிந்து வெள்ளைமுழியோடு ஒட்டியிருப்பதால் பின்னால் வழி கிடையாது. மேல் இமைக்குள் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். எனக்கு ஒருநாள் ஒளிந்தது. கீழே பார்த்துக்கொண்டு இமையை மெல்லத் தடவ வெளியே வந்தது.

தண்ணீருக்கு அடுத்தது மிளகாய்த்தூள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து கூட்டாளி வீட்டில் புட்டும் கணவாய்க் கறியும். கையால் குழைத்துச் சாப்பிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவி, மணந்தும் பார்த்தேன், மணமில்லை. ஒரு மணித்தியாலம் கழித்து லென்ஸைக் கழற்ற விரலை வைத்தேன். அந்த எரிவை எழுத்தில் சொல்ல முடியாது. உறைப்பு எண்ணெயோடு சேர்ந்தது, நகக்கண்ணில் தங்கிவிடும். ஒரு தரம் கழுவினால் போகாது. எரிச்சலில் கண் இறுக மூடிக்கொண்டது, ஆனால் லென்ஸை எடுக்கத் திறக்க வேண்டும், எடுக்கப் போவதோ அதே விரல். கடைசியில் கூட்டாளியின் மனைவி என் கையைத் தேங்காய் எண்ணெய் தடவிப் பிறகு சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் தேய்த்துக் கழுவிவிட, கடதாசியால் துடைத்துக்கொண்டு எடுத்தேன். (துவாயால் துடைத்தால் அதன் பஞ்சு லென்ஸில் ஒட்டும், அது வேறு கதை.) அந்த லென்ஸ் நேரே குப்பைக்கு. இப்போது சாப்பாட்டுக்கு முதலே கழற்றிவிடுகிறேன். வீட்டில் மிளகாய் வறுக்கிற நாளில் போடுவதே இல்லை.

மாத லென்ஸா, தினசரி லென்ஸா என்பதை இந்த இரண்டும் சேர்ந்து முடிவு செய்தன. மாத லென்ஸ் பார்வைக்கு மலிவு. ஆனால் திறந்த நாளில் இருந்து ஒரு மாதம்தான் கணக்கு. மூன்று நாள் போட்டாலும் முப்பது நாள் போட்டாலும் மாதம் முடிய எறிய வேண்டும். ஒவ்வொரு இரவும் புதுத் திரவத்தில் தேய்த்து ஊற வைக்க வேண்டும், பழைய திரவத்தோடு சேர்த்து நிரப்பக்கூடாது, ஊற வைக்கிற பெட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தினசரி லென்ஸில் இந்தத் திரவம், ஊற வைக்கிற பெட்டி எதுவும் இல்லை. பின்னேரம் போட்டு இரவு எறிவது. ஒரு பெட்டியில் 30 லென்ஸ், கண்ணுக்கு ஒரு பெட்டி. கிழமைக்கு மூன்று ஆட்டம் என்றால் இரண்டு பெட்டியும் பத்துக் கிழமைக்குப் போகும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிச் சாமான் விலை எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு நாளும் போடுவதென்றால் என் சம்பளத்துக்குக் கட்டாது, மூன்று பின்னேரத்துக்குக் கட்டும்.

சரி, இதுதான் இப்போதைய ஒழுங்கு. வேலைக்குக் கண்ணாடி. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு பின்னேரம் லென்ஸ். படுக்கும்போது ஒருநாளும் இல்லை, மத்தியானக் குட்டித் தூக்கத்துக்கும் இல்லை. மூடிய கண்ணில் படலத்துக்குக் காற்றுக் குறைவு, லென்ஸும் சேர்ந்தால் தொற்று வருகிற வாய்ப்புப் பல மடங்கு கூடும். சிவந்தாலோ நொந்தாலோ மங்கினாலோ கழற்றிவிட்டு அன்றைக்கே கண் வைத்தியரிடம். இது வரைக்கும் ஒருமுறை சிவந்தது, தூசி. போய்க் காட்டிவிட்டுத்தான் திரும்ப லென்ஸைத் தொட்டேன். மழைநாள் மோட்டார் சைக்கிள் புகார் அப்படியே இருக்கிறது, அதற்கு ஹெல்மெட் கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து ஓடுகிறேன்.

ஆட்டம் முடிந்து வந்து வாளியைக் கிணற்றுக்குள் விட்டால் குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் கேட்கும்: "கழட்டினியோ?" நூல் கட்டிய பிரேமுக்குப் பதிலாகப் புதியது ஒன்றும் சொல்லிவிட்டேன். லென்ஸ் போடுகிறவன் நல்ல கண்ணாடி ஒன்று இல்லாமல் இருக்கக்கூடாது என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொன்னார். புதுக் கண்ணாடி வெள்ளிக்கிழமை வரும்.