விதி மீறும் அரபு வரிகளை அலகிட்டுப் பார்த்தேன்

அரபு இலக்கணம் படிக்கையில், விதியை மீறும் கவிதை வரிகளைத் தனியாகக் குறித்து வருகிறேன். இம்முறை ஒவ்வொன்றிலும் விதிப்படி வரவேண்டிய சொல்லை வைத்து அலகிட்டேன், அதாவது அசை பிரித்து யாப்புக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தேன்.

முதலில் இஸ்லாத்துக்கு முந்தைய கவிஞர் இம்ருஉல் கைஸ். தந்தையின் கொலைக்குப் பழிவாங்கியபின் 'இன்று குடிக்கிறேன், பாவமில்லை' என்கிறார். 'அஷ்ரபு' என வரவேண்டிய வினை 'அஷ்ரப்' என்று நிற்கிறது. இரண்டாம் சீர் 'ரப்-கை-ர-முஸ்': நெடில், நெடில், குறில், நெடில் (ஒற்றில் முடியும் அசையும் நெடில் கணக்கு). 'ரபு' என்றால் தொடக்கத்தில் இரண்டு குறில் வந்துவிடும். அது காமில் யாப்பின் சீர். இவ்வரியின் சரீஉ யாப்பில் அதற்கு இடமில்லை.

யாப்பு நெருக்கியது என்பதோடு இலக்கணிகள் விடவில்லை. கவிஞர் நெருக்கடியில் எதைச் செய்தாலும் அதற்கொரு நியாயத்தை நாடியே செய்கிறார் என்பது இவ்வரியைப் பதிந்துவைத்த எட்டாம் நூற்றாண்டு இலக்கணி சீபவைஹியின் வாக்கு. இங்கே அவர்கள் காட்டும் நியாயம்: மேற்கையைக் குறிக்கும் 'அளுத்' பேச்சில் 'அள்த்' ஆகிறது, 'ரபு'வையும் அடுத்த சொல்லின் முதலெழுத்தையும் சேர்த்தால் அதே அமைப்பு, ஆகவே நடு உகரம் போகலாம். காகிதத்தில் வலிந்து சொன்னதாகத்தான் படுகிறது. வாய்விட்டுப் படித்தால் அவ்வளவு முரணாக இல்லை.

பின்வந்த இலக்கணி அல்முபர்ரத் இதை ஏற்காமல், 'அஷ்ரப்' இருக்கும் இடத்தில் 'உஸ்கா' (எனக்குப் புகட்டப்படுகிறது) என்று பாடம் கொண்டார். அலகிட்டால் கச்சிதமாக விழுகிறது. எனக்கு அந்தக் கச்சிதமே சந்தேகத்தைக் கிளப்புகிறது. இன்னொரு இலக்கணி இப்னு ஜின்னீ (இறப்பு 1002) சூடாகவே பதில் சொல்கிறார்: இந்த ஆட்சேபம் சீபவைஹி மீதல்ல, அரபிகள் மீது, சீபவைஹி அவர்களிடம் கேட்டதைத்தான் பதிந்தார்.

அடுத்து பஸ்ராவின் கவிஞர் ஃபரஸ்தக். தன் வரியில் குற்றம் கண்ட இலக்கணி இப்னு அபீ இஸ்ஹாக்கை வசைபாடினார். அந்த வசையும் 'மவாலின்' வரவேண்டிய இடத்தில் 'மவாலியா' என்று முடிய, இலக்கணி அதிலும் பிழை சொன்னார்! 'மவாலின்' வைத்தால் கடைசிச் சீரில் ஓரசை குறைகிறது.

வேறு வழியே இல்லாதபோதுதான் இத்தகைய மீறலை 'ளரூரா' (யாப்பின் நெருக்கடி) என்னலாம் என்பது இலக்கணி இப்னு மாலிக் (இறப்பு 1274) கட்சி. அப்படியானால் 'உஸ்கா' இருக்க 'அஷ்ரப்' தேறாது. வழக்கம் கவிதைக்கே உரியதாக இருந்தால் போதும் என்பது பெரும்பான்மையோர் கட்சி. என் ஓட்டு அவர்களுக்கு; சொல்லை மாற்றினால் வரியே வேறாகிவிடுகிறது.

ஃபரஸ்தக்கின் சண்டையைத் தொடங்கிவைத்த, 'முஸ்ஹதன் அவ் முஜல்லஃபு' என முடியும் அவரது வரியில் என் முறை உதவவில்லை. 'முஜல்லஃபா' என்று விதிப்படி மாற்றினாலும் அலகு அப்படியே நிற்கிறது. கெடுவது 'ஃபு' என்ற இயைபு மட்டுமே. இனி வரிக்கு முன் பின்னையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.